பிரைட்டன் பீச் போகிறவர்களுக்கு: கடைகள், சாப்பாடு, அங்கே இருக்கும் மக்கள்

அலையாத்தி (எடிசன், நியூ ஜெர்சி)

ஊரிலிருந்து நியூயார்க் வருகிறவர்கள் சுதந்திர தேவி சிலை, டைம்ஸ் ஸ்கொயர், எம்பயர் ஸ்டேட் எல்லாம் பார்த்துவிட்டு அடுத்து எங்கே என்று கேட்பார்கள். நான் சொல்லும் பதில் பிரைட்டன் பீச். புரூக்ளினின் தென்கோடியில், கோனி ஐலண்டை ஒட்டி, அட்லாண்டிக் கடலோரம் இருக்கும் ரஷ்யர் பகுதி. இதற்குத் தனி இழை இங்கே இல்லை, அதனால் தொடங்குகிறேன். போனவர்கள் சேர்த்து எழுதுங்கள். மாறான கருத்து இருந்தால் அதையும் எழுதுங்கள்.

மன்ஹாட்டனிலிருந்து கியூ ரயில் பிடித்தால் போதும், ஏறக்குறைய ஒரு மணி நேரம். பி ரயிலுக்குக் கடைசி நிலையமே பிரைட்டன் பீச்தான், ஆனால் அது சனி, ஞாயிறு ஓடாது. நிலையம் தெருவுக்கு மேலே இரும்புத் தூண்களில் நிற்கிறது. படியிறங்கினால் பிரைட்டன் பீச் அவென்யூ. தலைக்கு மேல் தண்டவாளம் ஓடுவதால் கீழே எப்போதும் பாதி நிழல், பாதி வெயில். ரயில் கடக்கும்போது எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு, அது போனதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். கடைப் பலகைகளில் ரஷ்ய எழுத்துகள். நடைபாதையில் பெட்டி பெட்டியாகப் பழங்கள். சூரியகாந்தி விதையை வாங்கி, கொறித்துக்கொண்டே நடக்கும் பாட்டிமார்கள்.

1970களில் சோவியத் யூனியனிலிருந்து வெளியேற அனுமதி கிடைத்த யூதர்கள் இங்கே வந்து சேர்ந்தார்கள். பலருக்கு உக்ரைனில் கருங்கடல் ஓரத்தில் இருக்கும் ஒடெஸா சொந்த ஊர். அதனால் 'லிட்டில் ஒடெஸா' என்றும் இந்த இடத்துக்குப் பெயர். 1979-ல் மட்டும் சோவியத் யூனியனை விட்டுப் போன யூதர்கள் 50,000 பேருக்கு மேல். அவர்களில் பெரும்பகுதி இஸ்ரேலுக்குப் போகாமல் அமெரிக்காவுக்கு வந்தது. சோவியத் உடைந்த பிறகு அடுத்த அலை வந்தது.

இப்போது சாப்பாடு. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உணவகத்தைத் தேடாதீர்கள், கடைக்குள் போங்கள். கடலோர நடைபாதையில் தாத்யானா, வோல்னா போன்ற பெரிய உணவகங்கள் இருக்கின்றன. இரவில் மேடை, பாட்டு, நடனம் என்று களைகட்டும். பிறந்தநாள், கல்யாணநாள் விருந்துக்கு அவை சரி. ஆனால் அங்கே குடியிருப்பவர்கள் தினமும் என்ன சாப்பிடுகிறார்கள் என்று தெரிய வேண்டுமானால் மளிகைக் கடைகளின் கண்ணாடி கவுன்டருக்கு முன்னால் நிற்க வேண்டும்.

அவென்யூவில் பழைய ஓஷியானா தியேட்டர் கட்டடத்தில் குர்மனோஃப் என்று ஒரு கடை இருக்கிறது. தியேட்டரின் உயர்ந்த கூரைக்குக் கீழே இப்போது மீனும் கேக்கும் விற்கிறார்கள். ஒரு பக்கம் முழுக்கச் சமைத்த உணவு. பீட்ரூட்டும் மத்தி வகை உப்பு மீனும் அடுக்கடுக்காக வைத்த சாலட், உருளைக்கிழங்கும் பட்டாணியும் ஊறுகாய் வெள்ளரியும் மயோனைஸில் சேர்த்த ஒலிவியே சாலட், முட்டைக்கோஸ் சுருள்கள், கட்லெட் வகைகள். எல்லாம் பவுண்டு கணக்கு. விரலால் காட்டி, எவ்வளவு என்று கையால் சொன்னால் எடுத்துத் தருவார்கள். மூன்று நான்கு வகை வாங்கிக்கொண்டு இரண்டு தெரு நடந்தால் கடற்கரை. மரப்பலகை நடைபாதையில் பெஞ்சு நிறைய இருக்கிறது. அங்கே உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

---

மதுரைக்காரி

நல்ல இழை. இந்த மாதக் கடைசியில் அம்மா அப்பாவோடு நியூயார்க் வருகிறேன். இருவரும் சைவம், முட்டைகூடக் கிடையாது. அவர்களைக் கூட்டிப் போனால் பட்டினிதானா? போர்ஷ்ட் சூப் சைவம் என்று யாரோ சொன்னார்கள், உண்மையா?

---

அலையாத்தி

பட்டினி கிடக்க வேண்டாம், ஆனால் கேட்டு வாங்க வேண்டும். பீட்ரூட் போர்ஷ்ட் பார்க்கச் சைவமாகத் தெரியும். பெரும்பாலும் மாட்டெலும்பு வேகவைத்த தண்ணீரில்தான் செய்வார்கள். அதனால் அதைத் தொடாதீர்கள், ஆர்த்தடாக்ஸ் விரத நாட்களில் சைவப் போர்ஷ்ட் வைக்கும் இடமாக இருந்தால் ஒழிய.

அம்மாவுக்கு வரேனிகி பிடிக்கும். நம் பூரணக் கொழுக்கட்டையை மைதாவில் செய்த மாதிரி இருக்கும். உருளைக்கிழங்கு, காளான், முட்டைக்கோஸ் வைத்த கார வகையும் உண்டு, புளிப்புச் செர்ரி வைத்த இனிப்பு வகையும் உண்டு. மாவில் முட்டை சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள், சேர்க்காதவர்களும் இருக்கிறார்கள், எனவே கேளுங்கள். உருளைக்கிழங்கு வகையின் மேலே வதக்கிய வெங்காயம் போடுவார்கள். சில கடைகளில் பன்றிக் கொழுப்பில் வதக்குவதும் உண்டு, அதையும் கேட்டுவிடுங்கள்.

கத்தரிக்காயைச் சுட்டு மசித்து, தக்காளி வெங்காயத்தோடு வைத்த கலவை எல்லாக் கடையிலும் இருக்கும். கறுப்பு ரொட்டியில் தடவிச் சாப்பிட வயிறு நிறையும். உப்புத் தண்ணீரில் ஊறவைத்த தக்காளி, வெள்ளரி, முழுத் தர்பூசணித் துண்டுகூட ஊறுகாயாக உண்டு. ஜார்ஜியக் கடை கண்ணில் பட்டால் விடாதீர்கள். கத்தரிக்காய்க்குள் வால்நட் விழுது வைத்துச் சுருட்டியது, சிவப்புக் காராமணி மாதிரியான பீன்ஸில் கொத்தமல்லி போட்டுச் செய்த லோபியோ, இரண்டும் முழுச் சைவம். கச்சாபுரி என்ற பாலாடைக்கட்டி ரொட்டியும் அருமை, ஆனால் படகு வடிவத்தில் வருவதன் நடுவே முட்டை உடைத்து ஊற்றுவார்கள். வட்டமாக மூடியிருக்கும் இமெரேத்தி வகை கேளுங்கள், மாவில் முட்டை உண்டா என்றும் விசாரித்துவிடுங்கள்.

பால் பொருட்களில் தயங்கவே வேண்டாம். ரியாழென்கா என்று ஒன்று. பாலை மணிக்கணக்கில் அடுப்பில் வைத்துப் பழுப்பு நிறம் வந்த பிறகு உறைகுத்துவார்கள். அப்பா ஒரு டம்ளர் குடித்தால் இன்னொன்று கேட்பார்.

---

ஏற்காட்டான்

ரொட்டியைப் பற்றி யாரும் விரிவாகச் சொல்லவில்லையே. பரதீன்ஸ்கி என்று கேளுங்கள். கோதுமைக்கு உறவான ரை தானியத்தின் மாவு, மால்ட், கொஞ்சம் சர்க்கரைப் பாகு சேர்த்த கறுப்பு ரொட்டி. மேலே முழுத் தனியா தூவியிருக்கும். கடிக்கும்போது தனியா மணம் மூக்கில் ஏறும். எனக்கு அமெரிக்காவில் கிடைக்கும் ரொட்டிகளிலேயே இதுதான் முதலிடம். வெண்ணெய் தடவி, மேலே உப்பு மீன் துண்டு ஒன்று வைத்துச் சாப்பிடுவது அவர்கள் வழக்கம். நான் எலுமிச்சை ஊறுகாய் வைத்தும் சாப்பிடுவேன். முழு ரொட்டி கனமாக இருக்கும், பாதி வெட்டித் தரச் சொன்னால் தருவார்கள். ஒரு வாரம் கெடாது.

அப்புறம் க்வாஸ். ரை ரொட்டியைப் புளிக்கவைத்துச் செய்யும் குளிர்பானம். குழந்தைகளும் குடிப்பார்கள், ஆனால் புளித்ததால் சொற்ப அளவு ஆல்கஹால் இருக்கும். மது முழுக்கத் தவிர்ப்பவர்கள் அதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். வேண்டாம் என்றால் கொம்போத் இருக்கிறது, உலர்பழங்களை வேகவைத்த இனிப்புத் தண்ணீர்.

---

புரூக்ளின்வாசி

// கோனி ஐலண்டை ஒட்டி, அட்லாண்டிக் கடலோரம் இருக்கும் ரஷ்யர் பகுதி //

இந்த ஒரு வரியோடு எனக்கு உடன்பாடு இல்லை, அலையாத்தி. நான் ஷீப்ஸ்ஹெட் பேயில் குடியிருக்கிறேன், பிரைட்டனுக்கு அடுத்த நிலையம். என் கட்டடத்தில் இருப்பவர்கள் ரஷ்ய மொழி பேசுகிறார்கள். ஆனால் கீழ்வீட்டுப் பாட்டி ஒடெஸாவிலிருந்து வந்த யூதர். எதிர்வீட்டுக் குடும்பம் தாஷ்கெண்ட்காரர்கள். மேல்மாடியில் இருக்கும் வண்டியோட்டி ஜார்ஜியர். இவர்களில் யாரும் ரஷ்யாவில் பிறந்தவர் இல்லை. பாட்டியின் சோவியத் அடையாள அட்டையில் இனம் என்ற இடத்தில் 'யூதர்' என்றே எழுதியிருந்ததாம். அதை வைத்துத்தான் கல்லூரியில் இடமும் வேலையும் மறுக்கப்பட்டன என்று சொல்வார். ரஷ்யர் என்று அந்த நாடு ஒருநாளும் ஒத்துக்கொள்ளாத பெண்ணை, அமெரிக்காவில் இறங்கியதும் எல்லோரும் ரஷ்யர் என்கிறார்கள்.

அவர்கள் வந்த பாதையும் எளிதானதல்ல. வெளியேற மனு போட்டாலே வேலை போகும். 1974-ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஜாக்சன்-வானிக் திருத்தத்தை நிறைவேற்றியது. மக்களை வெளியேற விடாத நாடுகளுக்கு வணிகச் சலுகை கிடையாது என்பது அதன் சாரம். அனுமதி கிடைத்தவர்கள் முதலில் வியன்னா, பிறகு ரோமுக்குப் பக்கத்தில் லாதிஸ்போலி என்ற கடலோர ஊரில் அமெரிக்க விசாவுக்காகக் காத்திருப்பு. அதன் பிறகு இங்கே. பிரைட்டன் பீச்சில் முன்பே இத்திஷ் என்ற கிழக்கு ஐரோப்பிய யூத மொழி பேசும் யூதர்கள் இருந்தார்கள். அவர்களில் நாஜி முகாம்களிலிருந்து தப்பியவர்களும் உண்டு. 70களில் அந்த முதியவர்கள் குறைந்துவர, வீடுகள் காலியாகி வாடகை இறங்கியிருந்தது. அதனால் புதியவர்களுக்கு இடம் கிடைத்தது. கடல் பக்கத்தில் இருந்தது ஒடெஸாக்காரர்களுக்குக் கூடுதல் ஈர்ப்பு.

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்த பிறகு இந்தப் பெயர் விஷயம் அங்கே வெறும் பேச்சு இல்லை. பெயரிலேயே ரஷ்யாவை வைத்திருந்த பழைய மளிகைக் கடை ஒன்று அந்த மார்ச்சில் பலகையை இறக்கிவிட்டு 'இன்டர்நேஷனல் ஃபுட்' என்று மாற்றிக்கொண்டது. அதே ஆண்டு பிரைட்டன் பீச் அவென்யூவும் கோனி ஐலண்ட் அவென்யூவும் சந்திக்கும் இடத்துக்கு 'உக்ரைனியன் வே' என்று நகரம் கூடுதல் பெயர் சூட்டியது. எனவே கவுன்டரில் நின்று, நீங்கள் ரஷ்யரா என்று கேட்காதீர்கள். எந்த ஊர் என்று கேளுங்கள். முகம் மலர்ந்து பதில் சொல்வார்கள்.

---

நெல்லைச்சீமை

ஐயா சொல்வது புரிகிறது. ஆனாலும் ஒரு கேள்வி. பலகையில் ரஷ்ய மொழி, பேச்சில் ரஷ்ய மொழி, அலமாரியில் ரஷ்யப் புத்தகம், தொலைக்காட்சியில் ரஷ்யப் பாட்டு. வெளியே இருந்து வருகிறவன் வேறு என்ன சொல்வான்? மொழியை வைத்து ஒரு தெருவுக்குப் பெயர் வைப்பதில் தவறு என்ன?

எனக்கு அந்த உலகம் அறிமுகமானது நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் கடையில். மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் தமிழிலேயே அச்சிட்டு அனுப்பிய புத்தகங்கள், கெட்டி அட்டை, நல்ல தாள், நம்ப முடியாத குறைந்த விலை. பனி, அடுப்பு, கறுப்பு ரொட்டி, முட்டைக்கோஸ் சூப் எல்லாம் பாளையங்கோட்டையில் உட்கார்ந்து படித்தே பழகிவிட்டது. அந்தத் தெருவில் நான் நடந்தபோது எனக்கு அது ரஷ்யாதான். அந்த உணர்வை விட்டுக்கொடுக்க மனமில்லை.

---

புரூக்ளின்வாசி

விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை அண்ணா. அந்தப் புத்தகங்களை நானும் படித்தவன்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள், கிர்கீஸ் எழுத்தாளர், உக்ரைனிய எழுத்தாளர், ஜார்ஜியக் கவிஞர் எல்லோரும் ஒரே பெட்டியில் மாஸ்கோவிலிருந்து நமக்கு வந்தார்கள். நாம் எல்லாவற்றையும் ரஷ்ய இலக்கியம் என்று ஒரே அலமாரியில் அடுக்கினோம். தட்டிலும் அதே கதைதான். போர்ஷ்ட் சமைக்கும் உக்ரைனிய மரபை யுனெஸ்கோ 2022 ஜூலையில் அவசரப் பாதுகாப்பு தேவைப்படும் பட்டியலில் சேர்த்தது. பலோவ் என்ற உஸ்பெக் இறைச்சிச் சோறு 2016-லேயே யுனெஸ்கோ பட்டியலுக்கு வந்துவிட்டது. கச்சாபுரி ஜார்ஜியாவுடையது. கவுன்டரில் ஒரே வரிசையில் இருப்பதால் ஒரே நாட்டுச் சாப்பாடு ஆகிவிடாது.

---

வடலி (டொராண்டோ)

இந்த வாக்குவாதத்தை வாசிக்க எனக்கு எங்கட ஊர்க் கதை மாதிரியே கிடக்கு. இங்கே ஸ்காபரோவில் எங்களைப் பார்த்து இந்தியரா என்று கேட்பினம். இல்லை, இலங்கைத் தமிழர் என்றால், அப்ப சிங்களம் கதைப்பீங்களோ என்று கேட்பினம். ஒவ்வொரு முறையும் பொறுமையாக விளங்கப்படுத்த வேண்டும். அதனால் புரூக்ளின்வாசி அண்ணாவின் பக்கம்தான் நான். ஒரு அரசு உங்களைத் துரத்தினபிறகு அந்த அரசின் பெயராலேயே உங்களை ஆட்கள் கூப்பிட்டால் எப்படி இருக்கும் என்று எங்களுக்குத் தெரியும்.

டொராண்டோவிலும் இப்படி ஒரு பகுதி உண்டு. பாதர்ஸ்ட் தெருவில் ஃபின்ச், ஸ்டீல்ஸ் பக்கம் போனால் ரஷ்ய மொழிக் கடைகள் நிறைய. எனக்கு அங்கே பிடித்தது தேத்தண்ணிக் கடை அலமாரிகள். சோவியத் காலத்தில் யானைப் படம் போட்ட மஞ்சள் பெட்டியில் இந்தியத் தேயிலை விற்றார்கள், நல்ல தேயிலை என்றால் அவர்களுக்கு அதுதான். இப்பவும் யானைப் படத்தோடு பெட்டிகள் விற்கிறார்கள். இலங்கைத் தேயிலைப் பெட்டிகளும் வரிசையாக இருக்கும். பால் விடாமல், எலுமிச்சைத் துண்டு போட்டு, பழப்பாகு ஒரு கரண்டி பக்கத்தில் வைத்துக் குடிப்பினம். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் கொழுந்து பறித்த எங்கட மலையகச் சனத்தின் உழைப்பு அந்த அலமாரியில் இருக்கு என்பதை நினைக்காமல் நான் அந்த இடத்தைக் கடந்ததில்லை.

---

முத்துநகர்

நான் தூத்துக்குடிக்காரன், கேள்வி ஒன்றுதான். கருவாடு கிடைக்குமா?

---

ஏற்காட்டான்

கிடைக்கும் தம்பி, மனம் நிறைய. மீன் பகுதியில் கூடை கூடையாக முழு உலர்மீன் குவித்திருப்பார்கள். அதில் வோப்லா பெயர் பெற்றது, காஸ்பியன் கடல், வோல்கா ஆற்றுப் பக்கத்து மீன். உப்பில் ஊறவைத்துக் காற்றில் காயவிட்டது. ஆனால் குழம்பு வைக்க மாட்டார்கள். தலையைப் பிய்த்து, தோலை உரித்து, அப்படியே கிழித்துக் கிழித்துப் பீருக்குத் தொட்டுக்கொள்வார்கள். நான் வீட்டுக்குக் கொண்டுவந்து கத்தரிக்காய் போட்டுக் குழம்பு வைத்தேன், நன்றாகவே வந்தது. உப்பு அதிகம், வெந்நீரில் நன்றாக ஊறவைத்துக் கழுவுங்கள்.

உலர்மீனைவிடப் புகையூட்டிய மீன்தான் அங்கே பெரிய சொத்து. சூட்டோடு புகையூட்டியதில் சதை வெந்து உதிரும். சூடில்லாமல் நாள்கணக்கில் புகையூட்டியதில் சதை இறுகி, எண்ணெய் மினுங்க மெல்லியதாக வெட்ட வரும். கானாங்கெளுத்தியில் இரண்டு வகையும் வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள். சால்மன் முட்டையைச் சிவப்பு இக்ரா என்று எடைபோட்டு விற்பார்கள். ருசி பார்க்கச் சின்னக் கரண்டியில் தருவதும் உண்டு, கூட்டம் இல்லாத நேரத்தில் கேளுங்கள்.

---

கல்லணை

யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். பிரைட்டன் பீச் இப்போது மத்திய ஆசியாவாக மாறிக்கொண்டிருக்கிறது. முதலில் வந்த ஒடெஸாக்காரர்களின் பிள்ளைகள் படித்து, வேலைக்குப் போய், நியூ ஜெர்சி, ஸ்டேட்டன் ஐலண்ட் என்று கிளம்பிவிட்டார்கள். அவர்கள் இடத்துக்கு உஸ்பெக், தாஜிக், கிர்கீஸ், உய்குர் மக்கள் வந்திருக்கிறார்கள். ஹலால் பலகைகள் கூடிவிட்டன.

அவென்யூவில் தாஷ்கெண்ட் சூப்பர் மார்க்கெட் என்று இருக்கிறது. உள்ளே போனதும் நீளமான சூடான உணவு வரிசை, நீங்களே எடுத்துப் பெட்டியில் போட்டு எடைபோட்டுக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் அந்தத் தெருவில் முதலில் போக வேண்டிய இடம் இதுதான். ப்ளோவ் என்கிற பலோவ்: அரிசி, ஆட்டிறைச்சி, குச்சி குச்சியாக வெட்டிய கேரட், சீரகம், உரிக்காமல் முழுசாகப் புதைத்த பூண்டு. மசாலா குறைவு, கொழுப்பின் மணம்தான் பிரதானம். பிரியாணி எதிர்பார்ப்போடு போகாமல் அதை அதுவாகச் சாப்பிடுங்கள், முதல் பத்து வாயில் பிடிபடும். தந்தூர் அடுப்பில் சுட்ட சம்சா உண்டு, நம் சமோசாவின் மூத்த உறவு, எண்ணெயில் பொரிக்காதது. கையால் இழுத்த நூடுல்ஸில் லக்மான் உண்டு.

அங்கேயே ஒரு மூலையில் கேரட் சாலட் இருக்கும், 'கொரிய' கேரட் என்று எழுதியிருப்பார்கள். அதன் கதை தெரிந்துதான் சாப்பிட வேண்டும். சோவியத்தின் தூரக் கிழக்கில் வாழ்ந்த கொரியர்கள் 1,70,000 பேருக்கு மேல் 1937-ல் ஸ்டாலின் ஆணையால் ரயில்களில் ஏற்றப்பட்டு உஸ்பெகிஸ்தானிலும் கஜகஸ்தானிலும் இறக்கப்பட்டார்கள். கிம்ச்சிக்கு வேண்டிய முட்டைக்கோஸ் வகை அங்கே கிடைக்கவில்லை. கிடைத்த கேரட்டை நீளநீளமாகச் சீவி, வினிகர், பூண்டு, மிளகாய், தனியாப் பொடி போட்டு, சூடான எண்ணெய் ஊற்றிச் செய்தார்கள். கொரியாவில் இல்லாத இந்தக் கொரிய உணவு பிறகு சோவியத் முழுக்கப் பரவியது. இங்கேயும் வந்திருக்கிறது. ரயிலில் அடைத்து அனுப்பிய குடும்பங்களின் சமையல் அது. மதுரைக்காரி அக்கா, உங்கள் அம்மா அப்பாவுக்கு இது முழுச் சைவம், காரமும் உண்டு.

---

அலையாத்தி

கல்லணை, கேரட் கதைக்கு நன்றி. தாஷ்கெண்ட் முதலா, குர்மனோஃப் முதலா என்பதில் மட்டும் நான் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன். மத்திய ஆசியச் சாப்பாடு குயின்ஸில் ரீகோ பார்க்கில்கூடக் கிடைக்கும், புகாரா யூதர்கள் என்கிற மத்திய ஆசிய யூதர்கள் அங்கே நிறைய. கடல்காற்றும் உப்பு மீனும் பழைய ஒடெஸாப் பாட்டிகளும் ஒரே இடத்தில் கிடைப்பது பிரைட்டனில் மட்டும். அந்தத் தலைமுறை குறைந்துகொண்டே வருகிறது. அதனால்தான் முதலில் அதைப் பாருங்கள் என்கிறேன்.

நடைபாதையைப் பற்றிக் கொஞ்சம். 1923-ல் திறந்த ரீகல்மன் போர்ட்வாக் இது. கோனி ஐலண்டையும் பிரைட்டனையும் சேர்த்து இரண்டரை மைலுக்கு மேல் நீளம், 2018-ல் நகரத்தின் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தார்கள். மாலையில் சதுரங்கமும் டோமினோவும் நடக்கும். நின்று பார்த்தால் தடுக்க மாட்டார்கள். இந்தக் கரைக்கு இன்னொரு பழைய கதை. 1888-ல் கடல் அரித்துக்கொண்டு வந்தபோது, இங்கே இருந்த பெரிய ஹோட்டல் கட்டடத்தை அப்படியே தூக்கிச் சரக்கு ரயில் வண்டிகளின் மேல் வைத்து, ஆறு எஞ்சின்கள் கட்டி இழுத்து, உள்ளே நகர்த்தினார்கள். 2012 அக்டோபரில் சாண்டிப் புயலிலும் கடல் தெருவுக்குள் வந்தது. கடைக்காரர்கள் அதைப் பற்றி இன்றும் பேசுவார்கள்.

---

மதுரைக்காரி

எல்லோருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். ஒன்று, அங்கே கடைக்காரர்கள் கடுகடுப்பாகப் பேசுவார்கள் என்று படித்தேன், வயதானவர்களோடு போகிறேன், பரவாயில்லையா? இன்னொன்று, எங்களுக்கு எழுத்தும் தெரியாது, பேச்சும் தெரியாது. மாடு, பன்றி எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

---

புரூக்ளின்வாசி

கடுகடுப்பு இல்லை அக்கா, வீண் புன்னகை கிடையாது, அவ்வளவுதான். முன்பின் தெரியாதவரைப் பார்த்துச் சிரிப்பது அவர்கள் பழக்கத்தில் இல்லை. வரிசையில் நின்று, உங்கள் முறை வந்ததும் வேண்டியதைத் தெளிவாகச் சொல்லுங்கள். தடுமாறினால் அவசரப்படுத்துவார்கள், கோபம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அம்மா அப்பாவோடு போவது உங்களுக்கு நல்லதே. பெற்றோரைக் கூட்டிவந்த மகளுக்கு அங்கே தனி மரியாதை. போன வருடம் என் மாமியார் புடவையோடு வந்தபோது, உஸ்பெக் பெண்மணி ஒருவர் கவுன்டரை விட்டு வெளியே வந்து, கையைப் பிடித்துக்கொண்டு ராஜ் கபூர், மிதுன் சக்ரவர்த்தி என்று பேச ஆரம்பித்துவிட்டார். சோவியத் திரையரங்குகளில் இந்திப் படங்கள் ஓடிய காலத்தில் வளர்ந்தவர்.

சொற்களைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கவ்யாதினா என்றால் மாடு, ஸ்வினீனா பன்றி, பரானினா ஆடு, கூரித்ஸா கோழி, ரீபா மீன், யைத்சோ முட்டை. 'பெஸ் மியாசா' என்றால் இறைச்சி இல்லாமல். பெல்மேனி என்ற சின்ன உருண்டைகளில் பெரும்பாலும் மாடும் பன்றியும் கலந்திருக்கும், வரேனிகியோடு பார்வைக்குக் குழப்பம் வரும், கவனம். 'சாலோ' என்று வெள்ளையாகக் கட்டி கட்டியாக இருப்பது உப்பிட்ட பன்றிக் கொழுப்பு, பாலாடைக்கட்டி என்று நினைத்து அப்பாவுக்கு வாங்கிவிடாதீர்கள். ஜெல்லி மிட்டாய் வகைகளில் ஜெலட்டின் இருக்கும். ஹல்வா என்று சூரியகாந்தி விதையில் செய்தது பெரும்பாலும் சைவம், இருந்தாலும் பெட்டியில் எழுதியிருப்பதைப் பாருங்கள். இங்கிலீஷில் லேபிள் ஒட்டியிருக்கும்.

---

வடலி (டொராண்டோ)

டிசம்பர் கடைசியில் போகிறவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். இவர்களுக்குப் பெரிய பண்டிகை கிறிஸ்துமஸ் இல்லை, புத்தாண்டு. சோவியத் அரசு மதப் பண்டிகைகளை ஒடுக்கியபோது கிறிஸ்துமஸ் மரமும் போனது. 1935 கடைசியில் அதைப் புத்தாண்டு மரம் என்று திரும்ப அனுமதித்தார்கள். யூதர், முஸ்லிம், கிறிஸ்தவர் என்று எல்லாரும் சேர்ந்து கொண்டாடக்கூடிய ஒரே நாளாக அது ஆகிவிட்டது. 30, 31-ம் திகதி கடைகளில் கால் வைக்க ஏலாது. மண்டரின் தோடம்பழம், சிவப்பு இக்ரா, ஒலிவியே சாலட், ஷாம்பெய்ன் என்று ஒவ்வொரு கூடையும் ஒரே மாதிரி நிறையும். ஆறுதலாகப் பார்க்க வேண்டும் என்றால் 28-க்கு முன்னம் போங்கோ.

---

நெல்லைச்சீமை

புரூக்ளின்வாசி தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு நாள் மனதில் போட்டுப் பார்த்தேன். ஒரே அலமாரியில் அடுக்கினோம் என்றது உண்மை. ஆனால் அந்த அலமாரிதான் என்னை அந்தத் தெருவுக்குக் கூட்டிப் போனது என்பதும் உண்மை. இரண்டையும் வைத்துக்கொள்கிறேன். அடுத்த முறை போகும்போது எந்த ஊர் என்று கேட்கிறேன்.

---

மதுரைக்காரி

சனிக்கிழமை போவதாக முடிவு செய்துவிட்டோம். கடைசிக் கேள்வி, பேரப்பிள்ளைகளுக்கு வாங்கி வர என்ன நல்லது? திரும்பும்போது ரயிலில் கெடாமல் வர வேண்டும்.

---

ஏற்காட்டான்

மிட்டாய்ப் பகுதிக்குப் போங்கள் அக்கா. அலுமினியத் தாள் சுற்றிய சாக்லேட்டுகள் நூறு வகை, பெட்டி பெட்டியாகத் திறந்து வைத்திருப்பார்கள், கலந்து எடுத்து எடைபோடலாம். தலையில் முக்காடு கட்டிய குழந்தை முகம் போட்ட அல்யோன்கா சாக்லேட் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். தேன் கேக் மெதோவிக் வாங்கினால் கடைசியாக வாங்குங்கள், அடுக்குகளுக்கு நடுவே க்ரீம் இருக்கிறது, வெயிலில் சாயும். மாவில் முட்டையும் உண்டு, அம்மா அப்பாவுக்கு வேண்டாம். அவர்களுக்கு ஒரு பாட்டில் செர்ரி பழப்பாகும் பாதிப் பரதீன்ஸ்கி ரொட்டியும் எடுத்துக்கொள்ளுங்கள். பை ஒன்று கையோடு கொண்டுபோங்கள்.